பிரேக் இல்லாத பக்கம்

இத்தாலியை ஒரு பூட்ஸ் காலாக வைத்துக்கொண்டால், குதிகாலுக்கும் விரல்களுக்கும் நடுவே வளைந்திருக்கும் உள்ளங்கால்தான் பஸிலிகாத்தா. பரப்பளவில் நம் சிலாங்கூரைவிடச் சற்றுப் பெரியது. சிலாங்கூரில் எழுபது லட்சம் பேர் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறோம். அங்கே ஐந்தரை லட்சம்கூட இல்லை. பயணிகள் விமானம் இறங்கும் நிலையம் அந்த மாநிலத்தில் கிடையாது. பக்கத்து மாநிலமான பூலியாவில் பாரி என்ற துறைமுக நகரில் இறங்கி உள்ளே போக வேண்டும். மலைமேல் ஓர் ஊர், கீழே பள்ளத்தாக்கு, மறுபடி மலைமேல் ஓர் ஊர். பஸ் உண்டு, ஆனால் அதை நம்பிப் போனால் ஒரு நாளைக்கு ஓர் ஊர்தான். அதனால் வாடகைக் கார்.

சரிவுகளைப் பார்ப்பது என் வேலை. ஸ்கூடாயில் சிவில் படித்தேன். ஐந்தாறு வருடங்களாக நெடுஞ்சாலை ஓரங்களிலும் வீடமைப்புப் பகுதிகளின் பின்புறமும் மண் எங்கே நழுவும் என்று பார்த்து அறிக்கை எழுதுகிறேன். மண் நழுவும் ஊர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் பஸிலிகாத்தாவின் பெயர் வந்துகொண்டே இருந்தது. போகலாம் என்று முடிவெடுத்தபோது துணைக்கு அப்பாதான் கிடைத்தார். அம்மா "பாறையப் பாக்கறதுக்கா அவ்ளோ தூரம்?" என்று அக்காவின் கைக்குழந்தையோடு இருந்துவிட்டார்.

அப்பா ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர். முதலில் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி, பிறகு கம்பெனி லோரி. அவருக்கு நான் கார் ஓட்டுவது பிடிக்கும், பக்கத்தில் உட்கார்வதுதான் பிடிக்காது. இத்தாலியில் ஸ்டீயரிங் இடப்பக்கம். அப்பா வழக்கம்போல வலப்பக்கக் கதவைத் திறந்து ஏறினார். எதிரே ஸ்டீயரிங் இல்லை. ஒரு நொடி கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடைமேல் வைத்துக்கொண்டார். அடுத்த ஆறு நாட்களும் ஒவ்வொரு வளைவிலும் அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஜேபிஜேயில் அனைத்துலக ஓட்டுநர் உரிமம் எடுத்துக்கொள்ளுங்கள். கடன் அட்டை ஓட்டுபவரின் பெயரிலேயே இருக்கட்டும், டெபாசிட் தொகையை அதில்தான் பிடித்து வைப்பார்கள். சாவி வாங்கியதும் காரைச் சுற்றி ஒரு வீடியோ எடுங்கள். (அப்பா நான்கு டயரையும் உதைத்துப் பார்த்தார். அதுவும் ஒரு முறை.) சின்ன காராகக் கேளுங்கள். எங்களுக்குக் கிடைத்தது ஒரு ஃபியட் பாண்டா. அந்த ஊர்ச் சந்துகளுக்கு அதுவே பெரிசு. பழைய ஊர்களின் நடுப்பகுதியில் 'இசட்.டி.எல்.' என்ற பலகை இருக்கும். வெளியூர்க் கார்கள் அதைத் தாண்டக்கூடாது. கேமரா படம் பிடிக்கும், அபராதம் மாதக்கணக்கில் கழித்து வீட்டுக்கு வரும். வெளியே நிறுத்திவிட்டு நடப்பதே நல்லது. நாங்கள் எல்லா ஊரிலும் நடந்தோம்.

*

பாரியிலிருந்து மதேராவுக்கு ஒரு மணி நேரம். கோதுமை வயல்கள், கல்வேலிகள், அல்தமூரா என்ற ரொட்டிக்குப் பேர்போன ஊர். பிறகு சாதாரணமான அடுக்குமாடிகளும் போக்குவரத்து விளக்குகளும் கொண்ட ஒரு நகரம். இதுவா மதேரா என்று தோன்றும். பெரிய சதுக்கத்தைக் கடந்து கைப்பிடிச் சுவர் வரைக்கும் போய் எட்டிப் பார்த்தால்தான் காலடியில் இன்னொரு நகரம் இருப்பது தெரியும். மலைச்சரிவு முழுக்கக் குடைந்த குகைகள், குகைகளின் முன்னால் ஒட்டுக் கட்டிய சுவர்கள், ஒரு வீட்டின் கூரைமேல் இன்னொரு வீட்டுக்குப் போகும் பாதை. இதற்குச் சாஸ்ஸி என்று பெயர், 'கற்கள்' என்று பொருள்.

கல் மென்மையானது. சுண்ணாம்பு மணல் இறுகிய ஒரு வகை. புதிதாக வெட்டும்போது ரம்பத்துக்கே வழிவிடும், காற்றுப் பட்டபின் கெட்டியாகும். அதைக் குடைந்து ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர்கள் இருந்திருக்கிறார்கள். மழை நீரைச் சேர்க்க வீட்டுக்கு வீடு நிலவறைத் தொட்டிகள் வெட்டினார்கள். சதுக்கத்துக்கு அடியில் 'பலோம்பாரோ லுங்கோ' என்ற பொதுத் தொட்டி ஒன்று இருக்கிறது, ஏறத்தாழ 50 லட்சம் லிட்டர் பிடிக்கும். இப்போது அதற்குள் இறங்கி நடக்கலாம். பூச்சில் பழைய நீர்மட்டங்களின் கறை அடுக்கடுக்காகத் தெரிகிறது. நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ பெரிய தண்ணித் தொட்டி வெச்சிருந்தவங்க எப்படி ஏழைங்களானாங்க?" என்றார்.

நல்ல கேள்வி. சாஸ்ஸி அதன் அளவுக்கு ஏற்ற ஆட்கள் இருந்தவரைக்கும் நன்றாகவே இயங்கிய ஊர். மக்கள் பெருகியபோது தொழுவங்களும் களஞ்சியங்களும் வீடுகளாயின. பிறகு தண்ணீர்த் தொட்டிகளே வீடுகளாயின. நீர் போனது, சுத்தம் போனது. மலேரியாவும் கண்நோயும் வந்தன. 1935இல் முசோலினி அரசால் தென்பகுதிக்கு நாடுகடத்தப்பட்ட கார்லோ லெவி என்ற ஓவியர், மருத்துவமும் படித்தவர், பின்னாளில் எழுதிய நூலில் மதேராவைத் தாந்தேயின் நரகத்தோடு ஒப்பிட்டார். அவரைப் பார்க்க வந்த சகோதரி வழியில் கண்டதாக அந்த விவரிப்பு வரும். அவரைச் சூழ்ந்த பிள்ளைகள் காசு கேட்கவில்லை, கொய்னா மாத்திரை கேட்டார்கள். 1945இல் வந்த அந்தப் புத்தகம், 'கிறிஸ்து எபோலியோடு நின்றுவிட்டார்', நாட்டையே உலுக்கியது. கம்யூனிஸ்ட் தலைவர் தொல்யாத்தி வந்தார். 1950இல் பிரதமர் தே காஸ்பெரி வந்தார். மதேராவுக்குத் 'தேசிய அவமானம்' என்று பெயர் வந்தது. 1952இல் ஒரு தனிச் சட்டம் போட்டார்கள். சுமார் 15,000 பேரைக் குகைகளிலிருந்து வெளியேற்றிப் புதிய குடியிருப்புகளில் வைத்தார்கள்.

இப்போது ஒரு குகையை அன்றிருந்தபடியே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ஒரே அறை. உயரமான கட்டில், சோளச் சருகு மெத்தை. குழந்தை தூங்க அலமாரியின் இழுப்பறை. பின்பக்கம் கோவேறு கழுதை.

"கோழி எங்க?" என்றார் அப்பா.

"கட்டிலுக்குக் கீழயாம்ப்பா."

"ஆத்தாவும் அங்கதான் வெக்கும். வெளிய வுட்டா மூசாங் புடிச்சிட்டுப் போயிரும்."

எங்கள் பின்னால் வந்த ஒரு சுற்றுலாக் குழு மூக்கைப் பொத்துவதுபோலச் சிரித்துக்கொண்டிருந்தது. அப்பா அவசரப்படாமல் ஒவ்வொரு பொருளாகப் பார்த்தார். அவருக்கு அங்கே வியப்பு எதுவும் இல்லை. ஒரு கிடங்கில் சரக்குச் சரிபார்ப்பவரைப்போல இருந்தார்.

வெளியே வந்தபோது முன்வாசலைக் காட்டினேன். ஏழெட்டுக் குகைகள் ஒரு பொது முற்றத்தைப் பார்த்தபடி இருக்கும். அதற்கு 'விச்சினாத்தோ' என்று பெயர். ஒரு கிணறு, துணி துவைக்க ஓர் இடம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள யாராவது ஒரு பாட்டி. ரொட்டி மாவை வீட்டில் பிசைந்து பொது அடுப்புக்கு அனுப்புவார்கள். எது யாருடையது என்று தெரிய மரமுத்திரையால் குடும்ப எழுத்தைக் குத்தி அனுப்புவார்கள். அந்த முத்திரைகள் இப்போது கடைகளில் நினைவுப்பொருளாகக் கிடைக்கின்றன.

"லயத்து வாசல்தான்," என்றார் அப்பா.

காலியான குகைகள் பல வருடங்கள் அப்படியே கிடந்தன. 1986இல் இன்னொரு சட்டம் வந்து, பழுதுபார்த்துக் குடியேற அனுமதித்தது. 1993இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். 2019இல் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரம். பிறகு ஜேம்ஸ் பாண்ட் படத்தில் கார் துரத்தல். அவமானமாக இருந்த அதே அறைகளில் இப்போது மஞ்சள் விளக்கும் குளியல் தொட்டியும் வைத்து விடுதிகள். நான் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். அப்பா விலையை ரிங்கிட்டில் கேட்டார். சொன்னேன்.

"குகைல படுக்க காசு குடுக்கணுமா? அதுல படுத்தவனுக்கு அப்ப யாரு குடுத்தா?"

மேல் நகரத்தில், அடுக்குமாடி ஒன்றின் மூன்றாவது மாடியில் தங்கினோம்.

*

மதேராவுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் லா மார்தெல்லாவுக்குப் போவதில்லை. ஏழு கிலோமீட்டர்தான். குகைகளிலிருந்து வந்தவர்களுக்காக 1950களின் தொடக்கத்தில் கட்டிய கிராமம். அப்பா எதற்கு என்று கேட்டார். "மாத்தி வெச்ச எடம்ப்பா" என்றதும் ஏறிக்கொண்டார்.

இந்தக் கிராமத்தை வடிவமைத்த குழுவில் முக்கியமானவர் லுதோவிக்கோ குவாரோனி என்ற கட்டடக்கலைஞர். வரைபடம் போடுவதற்கு முன்னால் ஓர் ஆய்வுக் குழு சாஸ்ஸியில் வேலை செய்திருந்தது. சமூகவியல், சுகாதாரம், புவியியல் என்று பலரும் சேர்ந்து, அந்த மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கவனித்தார்கள். விச்சினாத்தோ பற்றி அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் வீடுகளை நேர்கோட்டில் அடுக்காமல் வளைந்த தெருக்களில் சின்னச் சின்னக் கூட்டங்களாக வைத்தார்கள். வீட்டை ஒட்டியே தொழுவம், ஆனால் தனிச் சுவரோடு.

நாங்கள் போனது மதியம். தெருவில் ஆளில்லை. ஒரு வீட்டின் தொழுவம் கார் ஷெட்டாகியிருந்தது, இன்னொன்றில் விறகு. தேவாலயத்தின் கோபுரம் தானியக் குதிர்போல உயர்ந்து நின்றது.

அப்பா ஒரு தொழுவத்தின் முன்னால் நின்று நீள அகலத்தைக் கண்ணால் அளந்தார்.

"மாட்டுக்கும் சேர்த்து யோசிச்சிருக்கான் பாரு," என்றார். கொஞ்சம் கழித்து, "ஆத்தா நாலு மாடு வெச்சிருந்துச்சு. பிளாட்டுக்குப் போறப்ப வித்துட்டோம். நாலாவது மாடில எங்க கட்டறது?"

எங்கள் குடும்பம் தோட்டத்தை விட்டது 1994இல், நான் பிறப்பதற்கு முன். நிலத்தை மேம்பாட்டுக்கு விற்றுவிட்டார்கள். நான் பிளாட்டில் பிறந்தவள். எனக்குத் தோட்டம் என்றால் உறவினர் பேசிக்கொள்ளும் கதை. அந்தக் கதைகளில் எப்போதும் ஓர் ஏக்கம் இருக்கும். அதனால் நானே கேட்டேன்: "போக மனசில்லாமத்தான் போனீங்களாப்பா?"

"யாரு சொன்னா? சந்தோஷமாத்தான் போனோம். தெறந்தா தண்ணி, ராத்திரி பூரா கரண்டு. உங்கம்மா மொத நாளு எல்லா லைட்டையும் போட்டு வெச்சா." சிரித்தார். "வீடு பிரச்சன இல்ல. எங்க யாருகூட போய் இருக்கணும்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். குலுக்கல் போட்டு சாவி குடுத்தாங்க. பக்கத்து வீட்டுல இருந்த பெரியம்மா ஏழாவது பிளாக்குக்குப் போயிருச்சு. ஆத்தாவுக்கு மாடி ஏற முடியல, அதுக்கு மாடி எறங்க முடியல. ரெண்டு பேரும் செத்தப்பதான் பாத்துக்கிட்டாங்கன்னு வையி."

லா மார்தெல்லாவின் கூட்டத்திலும் மதேராவின் குகையிலும் எந்தெந்தக் குடும்பங்கள் அடுத்தடுத்து இருந்தன என்று காட்டும் பலகை எதையும் நான் எங்கும் பார்க்கவில்லை. முற்றத்தின் வடிவத்தை வரைபடத்தில் கொண்டுவந்துவிடலாம். முற்றத்தில் உட்காரும் ஆட்களையும் கொண்டுவர வேண்டுமென்றால் ஒவ்வொருவராகக் கேட்டால்தான் முடியும்.

*

மூன்றாம் நாள் தெற்கே. பஸெந்தோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் எஸ்.எஸ். 407 நான்கு தடத்தில் நேராகப் போகிறது. வேகக் கேமராக்கள் உண்டு. அதைவிட்டு மலைப்பாதையில் ஏறியதும் என் வேலை நேரம் தொடங்கியது. தார் ரோடு அலை அலையாக மடிந்திருந்தது. ஓர் இடத்தில் பாதிச் சாலை கீழே போயிருந்தது, மீதிப் பாதியில் ஒற்றைத் தடமாக வண்டிகள். நிலச்சரிவைக் குறிக்கும் 'ஃப்ரானா' என்ற சொல்லை அப்பா ஒரே நாளில் கற்றுக்கொண்டார். எனக்கு முன்பே பார்த்து, "ஃப்ரானா, ஃப்ரானா" என்று சொல்லிக்கொண்டு வந்தார். செம்மண் சடக்கில் மழைக்காலத்தில் குலை ஏற்றியவர். சாலையின் நிறம் மாறுவதைப் பார்த்தே கீழே ஈரம் என்று சொல்லிவிடுவார். நான் அதற்கு ஒரு பட்டம் வாங்கினேன்.

இந்த மலைகளின் உடம்பு களிமண். பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்தது மேலே எழுந்திருக்கிறது. ஊர்கள் உச்சியில் இருக்கும் கெட்டியான மணல்கல், கூழாங்கல் அடுக்குகளின்மேல் உட்கார்ந்திருக்கின்றன. தொப்பி கெட்டி, தலை வழுக்கல். கோடையில் களிமண் வெடிக்கும், மழையில் வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கும், அடிவாரம் அரிக்கப்படும், மேலே இருக்கும் ஊர் மெல்ல விளிம்பை இழக்கும்.

பிஸ்திச்சியில் காபிக்கு நிறுத்தினோம். 1688இல் அந்த ஊரின் ஒரு பகுதி ஓர் இரவில் சரிந்து விழுந்தது. நிலப்பிரபு சமவெளிக்கு மாறச் சொன்னார் என்றும், மக்கள் மறுத்துவிட்டார்கள் என்றும் ஊரில் சொல்கிறார்கள். சரிந்த இடத்திலேயே வரிசை வரிசையாக ஒரே மாதிரி வெள்ளை வீடுகள் கட்டிக்கொண்டார்கள். அந்தப் பகுதியின் பெயரே 'திருப்போ', செங்குத்துச் சரிவு. பொறியாளராக எனக்கு வயிற்றைக் கலக்கியது. வெயிலில் காய்ந்த துணிகளுக்கு நடுவே பார்க்க அவ்வளவு அழகாகவும் இருந்தது.

கிராக்கோவில் அந்தத் தேர்வு கிடைக்கவில்லை. அங்கிருந்து ஏற்கெனவே ஏராளமானோர் அமெரிக்காவுக்குப் போயிருந்தார்கள். மீதமிருந்த ஊரை 1963இல் நிலச்சரிவு உடைத்தது. கீழே பள்ளத்தாக்கில் கிராக்கோ பெஸ்கியேரா என்ற புது இடத்துக்கு மாற்றினார்கள். 1980 நிலநடுக்கத்துக்குப் பிறகு மேலே யாருமில்லை. இப்போது டிக்கெட் வாங்கி, தலைக்கவசம் போட்டு, வழிகாட்டியோடு உள்ளே போகலாம். மெல் கிப்சனின் படம், பாண்ட் படம் என்று இங்கும் படப்பிடிப்பு நடந்திருக்கிறது. உச்சியில் நார்மன் காலக் கோபுரம் மட்டும் பாறைமேல் அசையாமல் நிற்கிறது. அதற்குக் கீழே பாதி வீடு, பாதிப் படிக்கட்டு, நீலச் சாயம் பூசிய ஒரு படுக்கையறைச் சுவர் வானத்தைப் பார்த்தபடி.

சரிவுக்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுவது, ஊருக்கு வசதி செய்யப் போட்ட தண்ணீர், கழிவுநீர்க் குழாய் வேலைகள். கசியும் குழாய் சரிவுகளுக்கு எமன். ஹைலண்ட் டவர்ஸ் சரிந்து 48 பேர் இறந்ததை நம் நாட்டில் இந்தத் துறைக்கு வரும் எல்லோருக்கும் முதல் பாடமாகச் சொல்லிக்கொடுப்பார்கள். அதிலும் தண்ணீர் போக வழியில்லாததுதான் மையம். ஆகவே கிராக்கோவின் ஆட்களை இறக்கியது சரி. நானாக இருந்தாலும் அதையே எழுதியிருப்பேன். என் அறிக்கைகளில் கடைசிப் பக்கத்தில் அந்த வரி அடிக்கடி வரும்: 'குடியிருப்பாளர்களை இடமாற்றம் செய்யப் பரிந்துரைக்கப்படுகிறது.' அதற்கு முன்னால் ஓர் அட்டவணை இருக்கும். வீடுகள் எத்தனை, ஆட்கள் எத்தனை, சாலை எத்தனை மீட்டர், மின்கம்பம் எத்தனை. எண்ணக்கூடியது எல்லாம் அதில் இருக்கும்.

கவசத்தைக் கழற்றித் தந்த அப்பா, "கீழ போனவங்க எங்க?" என்றார். பெஸ்கியேராவுக்குப் போனோம். அங்கே டிக்கெட் இல்லை, பார்க்க ஒன்றுமில்லை. நேரான தெருக்கள், சாதாரண வீடுகள். அங்கிருந்தும் மலைமேல் அந்தக் கோபுரம் தெரிகிறதா என்று அப்பா கழுத்தைத் திருப்பித் திருப்பித் தேடினார்.

*

கடைசியாக அலியானோ. கார்லோ லெவியை வைத்திருந்த ஊர். சாலையின் இருபக்கமும் 'கலாங்கி' என்னும் களிமண் முகடுகள், சாம்பல் வெள்ளையில் புல் பூண்டில்லாமல், துணியைக் கசக்கிப் போட்டதுபோல. கத்தி முனை மாதிரியான ஒரு முகட்டில் ஊர். ஆயிரம் பேர் இருந்தாலே அதிகம்.

லெவி குடியிருந்த வீட்டைத் திறந்து காட்டுகிறார்கள். மாடியில் நின்றால் கண்ணுக்கெட்டியவரை கலாங்கிதான். அரசியல் கைதியாக அனுப்பப்பட்டவர், ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. கிராமத்தார் வைத்தியம் கேட்டு வந்தார்கள், செய்தார். அவர்களை வரைந்தார். 1936இல் விடுதலையாகிப் போனார். 1975இல் ரோமில் இறந்தபோது, அவர் விரும்பியபடி இங்கே கொண்டுவந்து புதைத்தார்கள். ஊருக்கு மேலே இடுகாடு. எளிய கல்லறை. யாரோ சில கூழாங்கற்களை வைத்திருந்தார்கள்.

அப்பா தொப்பியைக் கழற்றினார்.

"இவரத்தான கொண்டாந்து அடச்சி வெச்சாங்க?"

"ஆமாப்பா."

"செத்தப்புறம் இங்கயே வரணும்னு கேட்டிருக்காரு."

"ம்."

"கேட்டாரு, குடுத்திருக்காங்க."

காற்று பலமாக இருந்தது. தாத்தாவின் நினைவு நாளுக்கு வீட்டில் படத்துக்குத்தான் படைப்போம். கல்லறைக்குப் போன ஞாபகம் எனக்கு இல்லை. ஏன் என்று அதுவரை கேட்டதும் இல்லை.

"தாத்தாவ எங்கப்பா பொதச்சீங்க?"

"தோட்டத்துலதான். ஆத்தோரமா ஒரு மேடு இருந்துச்சு. இப்ப அங்க டபுள் ஸ்டோரி வீடு."

"எடுத்து வேற எடத்துல வெக்கலியா?"

"ஆளுங்களுக்கு மூனு மாசம் நோட்டீஸ் குடுத்தாங்க. சுடுகாட்டுக்கு யாரு குடுப்பா?"

கோபமாகச் சொல்லவில்லை. சாலை வளைகிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

அன்று இரவு அலியானோவில் தங்கினோம். மொறுமொறுவென்று வறுத்த காய்ந்த மிளகாயைத் தூவிய பாஸ்தா. அப்பாவுக்கு அந்த மாநிலத்தில் மனசாரப் பிடித்த ஒரே சாப்பாடு. அறைக்கு வந்ததும் கைப்பேசியில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து தோட்டம் இருந்த இடத்தைத் தேடினேன். லயம் இல்லை, ஆபீஸ் இல்லை, பால்கொட்டாய் இல்லை. எல்லாம் ஓட்டுக்கூரை வரிசைகள். சாலையோரத்தில் மாரியம்மன் கோயில் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கோயிலில் விரலை வைத்து, அங்கிருந்து ஆறு எந்தப் பக்கம், மேடு எவ்வளவு தூரம் என்று முணுமுணுத்தபடி விரலை நகர்த்தினார். லோரி ஓட்டியவர்களுக்குத் தூரம் உடம்பில் இருக்கும். ஒரு முனை வீட்டின் பின்பக்கம், சாக்கடைக்கும் வேலிக்கும் நடுவே இருந்த புல்தரையில் விரல் நின்றது.

"இங்கதான். இல்லன்னா இதுக்குப் பக்கத்து வீடு."

நான் அங்கே ஒரு குறி வைத்தேன். பெயர் கேட்டது. 'தாத்தா' என்று அடித்தேன்.

ஊருக்குப் போனதும் பார்த்துவிட்டு வரலாமா என்றேன். யார் வீட்டுப் பின்பக்கத்திலோ போய் நின்று என்ன சொல்வது என்றார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தார். விளக்கை அணைத்த பிறகு இருட்டில் கேட்டார்:

"போன் மாத்துனா அது போயிருமா?"

"போகாதுப்பா."

"அழிச்சிராத."